இரண்டாம் கயிறு: தனியே மூழ்குவோர்க்கு ஒரு வேண்டுகோள்

இது சற்று நீண்ட பதிவு. நேரம் வாய்க்கும்போது பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் எங்கள் ஊர் நூலகத்தில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். ஸ்கூபா பயிற்சியின் முதல் இரண்டு நிலைகளை முடித்திருக்கிறார். அந்தமானிலோ மாலத்தீவிலோ வேலை தேடிச் செல்லும் எண்ணத்தில் இருக்கிறார். என்னிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணா, தனியாக மூழ்கலாமா?" 'கூடாது' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். பயிற்சிக் கூடங்களில் அவ்வாறுதான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அவர் தனியாக மூழ்கத்தான் போகிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நானும் மூழ்கியிருக்கிறேன். எனவே அன்று அவருக்குச் சொன்ன விடையையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

அதற்கு முன் கிணற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு, கிணறு வெட்டுவோரும் தூர் வாருவோரும் அயலார் அல்லர். என் தந்தையார் முப்பது ஆண்டுகள் அத்தொழிலைச் செய்தவர். கிணற்றில் இறங்குமுன் அவர் செய்யும் சடங்குகள் சில உண்டு. அவற்றைச் சடங்கு என்றே சிறுவயதில் நான் எண்ணியிருந்தேன். இலை தழைத்த மரக்கிளை ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பலமுறை மேலும் கீழும் இழுப்பார். பின்னர் விளக்கேற்றி அடிமட்டம் வரை இறக்குவார். சுடர் அணைந்தால் அன்று வேலை இல்லை. சுடர் நின்று எரிந்தால் இடுப்பில் கயிறு கட்டுவார். ஒரு கயிறு அன்று, இரண்டு. முதற்கயிறு கப்பியின் வழியே செல்லும். இரண்டாம் கயிறு கப்பிக்கும் அதன் தூணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாமல், தள்ளி நிற்கும் பலாமரத்திலோ புளியமரத்திலோ கட்டப்பட்டிருக்கும்.

ஒருநாள், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், கேட்டேன்: "ரெண்டையும் இந்தத் தூணிலேயே கட்டினா என்ன?" அவர் சிரித்தார். "மக்களே, ஒரே தூணில கட்டினா ரெண்டு கயிறும் ஒரு கயிறுதான். தூணு சாஞ்சா ரெண்டும் சேந்து சாயும்."

அந்தச் சொற்களின் முழுப்பொருளை நான் உணர்ந்தது பதினாறு ஆண்டுகள் கழித்து, பன்னிரண்டு மீட்டர் நீருக்கடியில்.

என் ஆய்வு, பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பி இனங்களைப் பற்றியது. விழிஞ்ஞம் முதல் குமரிக் கரை வரையிலான பாறைகளில் வளரும் பழுப்புச் சிப்பியைக் கரையோர மக்கள் தலைமுறைகளாக மூச்சடக்கி மூழ்கியே எடுத்து வருகின்றனர். கையில் ஓர் இரும்புக் கம்பி, இடுப்பில் ஒரு வலைப்பை, அவ்வளவே. அவர்களைப் போல் மூச்சடக்கும் ஆற்றல் எனக்கில்லை. அளவெடுக்கவும் படமெடுக்கவும் பாறையருகே நீண்ட நேரம் நிற்கவும் வேண்டியிருந்ததால் ஸ்கூபா பயின்றேன்.

அன்று நாங்கள் இருவர் இறங்கினோம். வாடகைக் கருவி, தந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. படகில் இருந்தபோது ரெகுலேட்டரில் நான்கைந்து முறை மூச்சிழுத்துப் பார்த்தேன். காற்று நன்றாகவே வந்தது. அழுத்தமானி ஏறத்தாழ 200 பார் காட்டியது. இறங்கினோம். நீர் கலங்கியிருந்தது, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை. பாறையைச் சுற்றி வருவதற்குள் துணையை இழந்தேன். ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே செல்வதென்பது விதி. தேடிக்கொண்டிருந்தபோதே மூச்சு இறுகத் தொடங்கியது. இழுக்க இழுக்கக் காற்று வரவில்லை. மானியைப் பார்த்தேன். மூச்சை இழுக்கும்போது முள் சடாரென்று கீழே விழுந்தது. விட்டதும் பழைய இடத்துக்கு ஏறியது.

சிலிண்டரின் அடைப்பிதழ் முழுதாகத் திறக்கப்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. யாரோ திறந்தார்கள், வேறு யாரோ சரிபார்ப்பதாக எண்ணிச் சற்று மூடினார்கள். நான் என் கையால் சோதிக்கவில்லை. நீர்மட்டத்தில் மெல்லிய திறப்பின் வழியே வந்த காற்று போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.2 பார், ஒவ்வொரு மூச்சுக்கும் இருமடங்குக்கு மேல் காற்று வேண்டும். அது வரவில்லை.

பயிற்சியில் சொன்னபடி 'ஆக்டோபஸ்' எனப்படும் மாற்று வாய்க்கருவியை எடுத்துக் கடித்தேன். அதிலும் அதே இறுக்கம்தான். ஏன் இருக்காது? இரண்டு வாய்க்கருவிகளும் ஒரே முதற்கட்ட ரெகுலேட்டரில் இணைந்தவை; அந்த ரெகுலேட்டர் ஒரே அடைப்பிதழில் மாட்டப்பட்டது. இரண்டு கயிறு, ஒரே தூண்.

நிமிர்ந்து, தொடர்ந்து காற்றை வெளியே விட்டபடி நீந்தி மேலே வந்தேன். நுரையீரலில் காற்றை அடைத்துக்கொண்டு பத்து மீட்டர் ஏறினால் அது இருமடங்காக விரியும், நுரையீரல் கிழியும் என்று அறிந்திருந்ததால் உயிர் பிழைத்தேன். இருபத்தைந்து மீட்டரில் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். கரையேறியபின் சிலிண்டரை அளந்து பார்த்தோம். 170 பார் காற்று அதில் மீதமிருந்தது. காற்று தீர்ந்து போகவில்லை. அது என் முதுகிலேயே இருந்தது. என் வாய்க்குத்தான் வரவில்லை.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். தனியே மூழ்குகிறவர், முதன்மைக் கருவியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இரண்டாவது காற்று வழி ஒன்றை உடன் கொண்டு செல்லாமல் நீருக்குள் இறங்கக்கூடாது. தனிச் சிலிண்டர், தனி அடைப்பிதழ், தனி ரெகுலேட்டர், தனி மானி. இதில் ஒன்று குறைந்தாலும் அது இரண்டாம் கயிறு ஆகாது.

'தனியே' என்ற சொல்லையும் இங்கே திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும். படகிலிருந்து இருவராகக் குதித்து, கலங்கல் நீரில் ஒருவரையொருவர் காணாமல் இருபது நிமிடம் உழைப்பவர்கள் இருவரும் தனியே மூழ்குகிறவர்களே. புகைப்படம் எடுக்கும் ஒருவரோடு அவரைக் கவனிக்காத இன்னொருவர் இறங்கினால், அங்கும் தனிமூழ்கல் இரண்டு நடக்கிறது. அன்றுதான் சந்தித்த சுற்றுலாப் பயணியை 'துணை' என்று ஒரு வழிகாட்டிக்குக் கட்டிவைத்தால், ஆபத்தில் அந்த வழிகாட்டிக்குத் துணை யாரும் இல்லை. மூன்று மீட்டருக்கு அப்பால் இருக்கும் துணையின் காற்று உங்கள் காற்று அன்று. பயிற்சி நூல்கள் துணையையே மாற்றுக் காற்றாகக் கணக்கிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத சொத்தைக் கணக்கில் எழுதுவது போன்றது அது.

இது என் ஒருவனின் அச்சம் அன்று. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் மூழ்கல் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை பொழுதுபோக்கு மூழ்கலில் நிகழ்ந்த 947 இறப்புகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். காரணம் கண்டறிய முடிந்த நிகழ்வுகளில் ஏறத்தாழ 41 விழுக்காட்டில் தொடக்கப்புள்ளி, சுவாசக் காற்று போதாமற்போனது. எதிலாவது சிக்கிக்கொண்டது 20 விழுக்காடு. கருவிக் கோளாறு 15 விழுக்காடு. சிக்கிக்கொண்டவருக்கும் கருவி பழுதானவருக்கும் உடனடியாக வேண்டியது நேரம். நீருக்கடியில் நேரம் என்பது காற்றின் மற்றொரு பெயர்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், ஒரு குளிகல்லுக்கு இரண்டு குளியாட்கள் என்பது வழக்கம். ஒருவர் அடியில் இருக்கையில் மற்றவர் மேலே இளைப்பாறுவார். கல்லின் கயிற்றையும் கூடையின் கயிற்றையும் படகில் நிற்பவர் கையிலிருந்து விடாமல் பிடித்திருப்பார். அடியில் இருப்பவரின் ஒரு மூச்சுக்கு மேலே இருப்போரின் கவனம் காவலாக நின்றது. 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளியாட்களின் அந்தக் கயிற்றொழுக்கமும் அத்துடன் மெல்ல மறைந்தது. காற்றைச் சிலிண்டரில் அடைத்துக் கொடுத்த நாகரிகம், 'இனி உனக்கு மேலே இருப்பவர் வேண்டாம்' என்று சொல்லிவிட்டது.

கூஸ்தோவும் காஞானும் 1943இல் தற்சுவாசக் கருவியை உருவாக்கிய பின் வந்த பழைய சிலிண்டர்களில் ஒரு 'சேமிப்பு அடைப்பிதழ்' இருந்தது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் சுருள்வில் ஒன்று வழியை இறுக்கும், மூச்சுத் திணறும். மூழ்குபவர் ஒரு கம்பியை இழுத்தால் மீதிக் காற்று கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கம்பி எங்கேனும் தட்டி முன்னரே இழுபட்டிருந்தால் எச்சரிக்கையும் இல்லை, சேமிப்பும் இல்லை. பின்னர் அழுத்தமானி பரவலானபோது அந்த அடைப்பிதழ் வழக்கொழிந்தது. அடுத்து ஆக்டோபஸ் வந்தது. அது அடுத்தவருக்குக் காற்றுக் கொடுக்க ஏற்பட்ட வழி. நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள அன்று. ஒவ்வொரு காலத்திலும் 'இரண்டாவது' என்று ஒன்று இருந்தது. ஆனால் அது முதலாவதின் தூணிலேயே கட்டப்பட்டிருந்தது.

உண்மையான இரண்டாவது காற்றுக்கு இன்று சில வழிகள் உள்ளன. முதன்மைச் சிலிண்டரோடு பக்கவாட்டில் பிணைத்துக்கொள்ளும் இரண்டு அல்லது மூன்று லிட்டர் சிறு சிலிண்டர் ஒன்று. இதைப் 'போனி' என்பர். இரு முழுச் சிலிண்டர்களை உடலின் இருமருங்கும் தனித்தனி ரெகுலேட்டரோடு தொங்கவிடுவது மற்றொன்று. இரட்டைச் சிலிண்டர்களை இடையே துண்டிப்பு அடைப்பிதழ் கொண்ட குழாயால் இணைப்பது மூன்றாவது. கையடக்கமான மிகச் சிறு காற்றுக்குப்பிகளும் விற்கப்படுகின்றன. இவற்றுள் எது போதும் என்பதை விளம்பரத்தைக் கேட்டு முடிவு செய்யலாகாது. கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. அமைதியாக நீந்துபவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்று இழுப்பார். அச்சத்தில் 30 லிட்டர் என்று கொள்வோம். பதினெட்டு மீட்டரில் அழுத்தம் 2.8 பார். கோளாறை உணர்ந்து, வாய்க்கருவியை மாற்றி, மனம் நிலைகொள்ள ஒரு நிமிடம்: 84 லிட்டர். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் மேலேற இரண்டு நிமிடம், சராசரி அழுத்தம் 1.9 பார்: 114 லிட்டர். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 135 லிட்டர். மொத்தம் 333 லிட்டர். மூன்று லிட்டர் போனியில் 200 பார் நிரப்பினால் 600 லிட்டர், தாராளம். 85 லிட்டர் மட்டுமே கொள்ளும் கையடக்கக் குப்பியோ அதே ஆழத்தில் ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதாவது, மனம் நிலைகொள்வதற்குள் காற்று முடிந்துவிடும். ஆறேழு மீட்டரில் அது உதவலாம். பதினெட்டில் அதை நம்பி இறங்குவது பாதிக் கிணறுக்கு மட்டும் எட்டும் கயிற்றை நம்புவதாகும்.

முப்பது மீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 505 லிட்டர் வருகிறது. மூன்று லிட்டர் போனி அங்கே ஏறத்தாழ எல்லையில் நிற்கிறது. இரண்டு லிட்டர் போதாது. வலையில் சிக்கினாலோ அதுவும் போதாது. எனவே தனியே செல்பவருக்கு ஆழத்தின் எல்லையை உரிமச் சீட்டு அன்று, இரண்டாவது சிலிண்டரே வகுக்க வேண்டும் என்பது என் துணிபு.

கருவியை வாங்கி மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது. போனியின் வாய்க்கருவி கழுத்தருகே, கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் கைக்குக் கிட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது முதன்மைக் கருவியிலிருந்து தொட்டாலே வேறுபட்டுத் தெரிய வேண்டும். தவறுதலாகப் போனியிலேயே மூழ்கலைத் தொடங்கி, அது தீர்ந்தபின் திகைப்பது இத்துறையில் அறியப்பட்ட விபத்து. இரு சிலிண்டர்களையும் ஒரே நாளில் ஒரே பழுதான கம்ப்ரசரில் நிரப்பினால், காற்றில் கலந்த கார்பன் மோனாக்சைடு இரண்டிலும் இருக்கும். மீண்டும் ஒரே தூண். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மூழ்கலிலும் ஒருமுறையேனும் போனிக்கு மாறிப் பழக வேண்டும். பழகாத கை அச்சத்தில் அதை மறந்துவிடும்.

எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நேர்மையாக எண்ணிப் பார்க்கிறேன்.

முதல் வாதம்: தனியே மூழ்குவதே தவறு, அதற்குக் கருவி சொல்லிக் கொடுப்பது தவற்றை வளர்ப்பதாகும். இதை மதிக்கிறேன். மாரடைப்போ மயக்கமோ வந்தால் எத்தனை சிலிண்டர் இருந்தும் தனியாளுக்கு உதவி இல்லை. இதை மறைத்து எழுதினால் நான் பொய்யன். ஆனால் தடை என்பது தாளில் இருக்க, செயல் கடலில் நடக்கிறது. பயிற்சி நிறுவனங்களே இதை உணர்ந்துவிட்டன. எஸ்டிஐ தனிமூழ்கலுக்கெனவே ஒரு பாடம் வைத்திருக்கிறது. பாடி 2011இல் தற்சார்பு மூழ்குநர் பாடத்தைத் தொடங்கியது. இரண்டும் நூறு மூழ்கல் அனுபவத்தைக் கேட்கின்றன. இரண்டும் தனிக் காற்று வழியைக் கட்டாயமாக்குகின்றன. நூலகத்து இளைஞருக்கு நான் சொன்ன முதல் விடையும் இதுவே: "நூறு முறை துணையோடு இறங்குங்கள், தம்பி. நூற்றொன்றாவது முறையைப் பற்றி அதன்பின் பேசுவோம்."

இரண்டாம் வாதம்: இரண்டாவது சிலிண்டர் பொய்யான துணிச்சலைத் தரும். தரக்கூடும். போனியின் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, 'இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம்' என்று தங்குகிறவர் உண்டு. அவரிடம் இருப்பது மாற்றுக் காற்று அன்று, பெரிய சிலிண்டர் மட்டுமே. என் தந்தையார் இரண்டாம் கயிற்றில் ஒருபோதும் மண்வாளியைக் கட்டியதில்லை. அவசரம் என்று பிறர் கேட்டபோதும் கொடுத்ததில்லை. பயன்படாமல் கிடப்பதே அதன் பயன்.

மூன்றாம் வாதம்: செலவு. ஒரு சிறு சிலிண்டரும் எளிய ரெகுலேட்டரும் ஏறத்தாழ ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்குள் அடங்கும். ஆழத்துப் படமெடுக்க அதைவிட விலை கூடிய கேமராவை வாங்குகிறோம். எனவே பொழுதுபோக்கு மூழ்குநருக்கு இது ஒரு வாதமே அன்று. ஆனால் வேறொருவருக்கு அது உண்மையான வாதம். அவரைப் பற்றித்தான் இப்பதிவில் நான் முதன்மையாகப் பேச விரும்பினேன்.

தூத்துக்குடி, இராமநாதபுரக் கரைகளில் சங்கு குளிப்போர் பலர் இன்று படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் ஒற்றைக் குழாயை வாயில் கவ்வி இறங்குகின்றனர். இலங்கையின் வடக்கிலும் வடமேற்கிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் நம் மொழி பேசுவோர் சிலிண்டரோடு இறங்குகின்றனர். ஒரே நாளில் பல சிலிண்டர்கள். குருதியில் நைட்ரஜன் குமிழ் ஏறிக் கைகால் முடங்கியோர் இரு கரைகளிலும் உண்டு. குழாய் மூழ்கலில் இயந்திரம் நின்றால், வார் அறுந்தால், குழாய் மடங்கினால், அடுத்த மூச்சு இல்லை. குழாயில் ஒருவழி அடைப்பிதழ் இல்லாவிட்டால், மேலே குழாய் வெடிக்கும்போது காற்று எதிர்த்திசையில் உறிஞ்சப்படும். இயந்திரத்தின் புகை, காற்று வாங்கும் வாயில் புகுந்தால் அதையே மூச்சாக இழுக்க வேண்டும். படகில் ஆறு பேர் இருந்தும், அடியில் இருப்பவர் தனியே இருக்கிறார்.

துறைமுகக் கட்டுமானங்களில் மேலிருந்து காற்றூட்டப்படும் தொழில்முறை மூழ்குநரைப் பாருங்கள். அவர் முதுகில் அவசரச் சிலிண்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பது உலகத் தொழில் நெறி. அதே கடல், அதே ஆழம், அதே நுரையீரல். ஒருவருக்கு இரண்டாம் கயிறு விதி. மற்றவருக்கு அது ஆடம்பரம். தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் எந்தப் பொருளை எடுக்கலாம், எடுக்கக்கூடாது என்பதில் விழிப்பாக இருக்கிறது. கடலட்டையை 2001 முதல் இந்தியச் சட்டம் காக்கிறது, நல்லது. அதே விழிப்பு, எடுக்கிறவரின் மூச்சிலும் வேண்டும் என்பதே என் முறையீடு.

மீட்புப் பணியாளரையும் எண்ணுகிறேன். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் ஆமயிழஞ்சான் தோட்டில், தூய்மைப் பணியில் ஈடுபட்டிருந்த நம் நெய்யாற்றின்கரை வட்டத்துத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தொடர்வண்டி நிலையத்தின் அடியில் செல்லும் கால்வாய்ச் சுரங்கத்துக்குள், கழிவு மூடிய இருட்டில், தீயணைப்புத் துறையின் ஸ்கூபா வீரர்கள் இறங்கித் தேடினர். மூன்றாம் நாள் அவரது உடலே கிடைத்தது. அத்தகைய இடத்தில் தலைக்கு மேலே நீர்மட்டம் இல்லை, கூரை இருக்கிறது. நான் செய்தது போல் நீந்தி மேலேற இயலாது. குகை மூழ்குநர் இதனால்தான் காற்றை மூன்றாகப் பிரிக்கின்றனர்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூலை 6 அன்று சமான் குணான் என்னும் முன்னாள் கடற்படை வீரர் உயிரிழந்தார். உள்ளே சிக்கிய சிறுவர்களுக்கான மீட்பு வழியில் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் மயங்கினார். பிறருக்கு இரண்டாம் மூச்சைச் சுமந்து சென்றவர் அவர். அத்தகையோரை அனுப்பும் அரசுகள், அவர்தம் முதுகில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் மூன்று. சங்கு குளிப்போர்க்கும் கரையோரத் தொழில் மூழ்குநர்க்கும் சிறு அவசரச் சிலிண்டரும் ஒருவழி அடைப்பிதழும், படகு இயந்திரத்துக்கு மானியம் தருவது போலவே, மீன்வளத் துறைகள் மானியத்தில் தர வேண்டும். அவற்றை நிரப்பவும் காலமுறைப்படி அழுத்தச் சோதனை செய்யவும் மீன்பிடித் துறைமுகங்களிலேயே வசதி வேண்டும். மூன்றாவது, பயிற்சி அவரவர் மொழியில் வேண்டும். இந்த மூன்றாவதை எல்லையில் வாழ்பவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். 1956இல் கோடு கிழிக்கப்பட்டபோது இப்பக்கம் நின்றுவிட்ட எங்கள் ஊர்களில், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் சான்றிதழில் ஆங்கிலமுமாக வளர்கிறோம். நான் மூழ்கல் பயின்ற நூல் ஆங்கிலத்தில் இருந்தது. 'கையால் திறந்து நீயே சோதி' என்ற வரியை நான் வாசித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன். ஆனால் பன்னிரண்டு மீட்டரில் என் நினைவுக்கு வந்தது அந்த வரி அன்று. தூணும் கயிறுமாக என் தந்தை சொன்ன சொல். அச்சத்தில் மனிதன் தாய்மொழியில்தான் சிந்திக்கிறான். காக்கும் அறிவும் அம்மொழியில் இருக்க வேண்டாமா? இக்கருவிக்கு நான் 'காப்புமூச்சு' என்று பெயர் வைத்து வழங்கி வருகிறேன். இதனினும் நல்ல சொல் இருந்தால் நண்பர்கள் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்; குளியாட்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்குமாயின் அதுவே மேலானது.

தந்தையார் இப்போது கிணற்றில் இறங்குவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் முதன்முதலில் போனி வாங்கி வந்தபோது அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு மக்களே?" என்றார். விளக்கினேன். முதன்மைச் சிலிண்டரோடு அதைப் பிணைக்கும் பட்டையைத் தொட்டுக் கேட்டார்: "இதுவும் அந்தக் குத்தியிலதானே கட்டியிருக்கு?" பட்டை மட்டும்தான் பொது, காற்று வழி தனி என்று காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

ஆயினும் அவர் கேட்டது நியாயம் என்று பிறகு எனக்குப் பட்டது. வலையில் முதன்மைச் சிலிண்டர் சிக்கினால் அதைக் கழற்றிவிட்டு வெளியேற வேண்டி வரலாம்; போனி அதோடு பிணைந்திருந்தால் இரண்டையும் இழப்பேன். இப்போது என் போனி, முதன்மைச் சிலிண்டரில் அன்று, என் உடலில் அணிந்த பட்டையில் தனியே கொளுத்தப்பட்டிருக்கிறது. பள்ளி இறுதி வகுப்பைக் கடவாத ஒரு கிணறுவெட்டி எனக்குச் செய்த திருத்தம் அது.

தனியே இறங்கப் போகும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இதையே சொல்லி முடிக்கிறேன். இறங்கும் முன் உங்கள் இரண்டாம் கயிறு எந்த மரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முதற்கயிறு கட்டிய அதே தூணில் என்றால், அன்று கரையிலேயே இருங்கள். கடல் நாளையும் அங்கேதான் இருக்கும்.